ஒரே பந்தி

பள்ளிக்கூடம் எங்கோ இருக்கிறது. வீடு எங்கோ இருக்கிறது. நடுவில் காடு, ஆறு, பல மைல் தூரம். பிள்ளை எப்படிப் படிக்கும்?

இதற்காகத்தான் பள்ளிகளோடு விடுதிகள் வந்தன. விடுதியை ஹாஸ்டல் என்றும் சொல்கிறோம். பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். அங்கேயே சாப்பிடுவார்கள். அங்கிருந்து பள்ளிக்குப் போவார்கள்.

ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு தூரம் மட்டும் தடையாக இருக்கவில்லை. சாதியும் தடையாக இருந்தது.

அந்தக் காலம்

அன்று பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பக்கத்தில் உள்ள சித்தூர் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. கேரள மாநிலம் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் பிறந்தது.

ஆட்சி இரண்டாக இருந்தாலும் தீண்டாமை ஒன்றாகவே இருந்தது. சில தெருக்களில் ஏழைச் சாதி மக்கள் நடக்கக் கூடாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், அது எங்கே உட்காரும்? யாரோடு சாப்பிடும்? இந்தக் கேள்விகள் எழுந்தன.

அகத்தேத்தறையில் ஓர் ஆசிரமம்

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கல்பாத்தி இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் என்பவர் வாழ்ந்தார். தமிழ் பேசும் பிராமணக் குடும்பம். அவர் வக்கீல். காந்தியடிகளின் பேச்சைக் கேட்டு வக்கீல் தொழிலை விட்டார். நாட்டு வேலையில் இறங்கினார்.

1923ஆம் ஆண்டு பாலக்காட்டில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சரோஜினி நாயுடு தலைமை வகித்தார். அப்போது எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதைச் சமபந்தி என்கிறோம். அதற்கு முன்பே, 1917இல், சகோதரன் அய்யப்பன் சேராயியில் இப்படி ஒரு விருந்து நடத்தியிருந்தார். அதற்காக அவர் பட்ட துன்பம் கொஞ்சமல்ல.

ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவது எளிது. தினமும் சேர்ந்து சாப்பிட்டால்? ஒரே கூரையின் கீழ் தூங்கினால்? ஒன்றாகப் படித்தால்? கிருஷ்ணசுவாமி ஐயர் அதைச் செய்து பார்த்தார். 1923இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தைத் தொடங்கினார். ஒலவக்கோடு ரயில் நிலையத்திலிருந்து இந்த ஊர் தொலைவில் இல்லை. ராமாயணத்தில் ராமனுக்குப் பழம் கொடுத்த வேடுவப் பெண்தான் சபரி. அவள் பெயரையே ஆசிரமத்துக்கு வைத்தார்கள்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். சொந்தச் சாதியார் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஐயரை ஒதுக்கினார்கள். அவர் மனைவி ஈசுவரி அம்மாள் துணை நின்றார். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்த ஆசிரமத்துக்கு வந்தார்.

ஐயர் வைக்கம் போராட்டத்தில் பங்கு கொண்டார். 1930இல் பாலக்காட்டிலிருந்து உப்பு சத்தியாகிரகப் படையை அழைத்துச் சென்றார். 1935இல் காலமானார். ஆசிரமம் நின்றுவிடவில்லை. நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

சேரன்மாதேவியில் நடந்தது

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. அது திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் இருந்த குருகுலம். அதை 1922இல் தொடங்கியவர் வ. வே. சு. ஐயர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காகப் பல ஆண்டுகள் வெளிநாட்டிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்தவர். குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரசும் பணம் கொடுத்தது.

இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு நிபந்தனை போட்டார்கள். தங்கள் பிள்ளைகள் தனியாகச் சாப்பிட வேண்டும் என்றார்கள். வ. வே. சு. ஐயர் அதை ஒப்புக்கொண்டார். அவர் தாம் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுபவர்தான். ஆனாலும் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற விரும்பவில்லை.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தான். அவன் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னான். செய்தி வெளியே பரவியது. பெரியார் ஈ. வெ. ரா.வும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். "பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் வேற்றுமை எதற்கு?" என்பதே அவர்கள் கேள்வி. நாடு முழுவதும் விவாதம் நடந்தது. 1925இல் பிறப்பால் வேற்றுமை காட்டக் கூடாது என்று காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது. வ. வே. சு. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டார்.

தகவல் சொன்ன அந்தப் பையனின் அப்பா பிறகு என்ன ஆனார்? 1947இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அவர் ஆட்சியில்தான், அதே ஆண்டு, எல்லா மக்களும் கோயிலுக்குள் போகச் சட்டம் வந்தது.

இரண்டு விடுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் தொடங்கியவர்கள் நாட்டுப் பற்று உள்ளவர்கள். இருவரும் பிராமணர்கள். ஒருவர் உறவினரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டார். மற்றவர் இரண்டு பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கினார். இரண்டு இலைகளைத் தனியாகப் போட்டதால் ஒரு நல்ல பள்ளிக்கு நம்பிக்கை போயிற்று.

இன்று

1950இல் நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. இன்று கேரளத்தில் பட்டிக சாதி, பட்டிக வர்க்கப் பிள்ளைகளுக்கு அரசு விடுதிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரீமெட்ரிக் ஹாஸ்டல் என்பார்கள். தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம். மாதிரி உறைவிடப் பள்ளிகளும் உண்டு. அட்டப்பாடியில் முக்காலியில் ஒன்று இருக்கிறது. பிளாக் அலுவலகத்தில் உள்ள பட்டிக சாதி வளர்ச்சி அலுவலரிடமோ, பட்டிக வர்க்க அலுவலகத்திலோ விவரம் கேட்கலாம். பள்ளித் தலைமை ஆசிரியரும் சொல்வார்.

பிள்ளையை விடுதியில் சேர்த்த பிறகும் பெற்றோருக்கு வேலை உண்டு. அடிக்கடி போய்ப் பாருங்கள். சமையலறையையும் குளியலறையையும் பாருங்கள். பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று கேளுங்கள். பிள்ளை ஒரு குறை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். சேரன்மாதேவியில் ஒரு பையன் சொன்னதால்தான் உண்மை வெளியே வந்தது.

சொல்லும் பொருளும்

சமபந்தி – எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது
குருகுலம் – ஆசிரியரோடு தங்கிப் படிக்கும் பள்ளி
நிபந்தனை – இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு
தீர்மானம் – பலர் கூடிச் செய்த முடிவு

பதில் சொல்லுங்கள்

1. சபரி ஆசிரமம் எந்த ஆண்டு தொடங்கியது? தொடங்கியவர் யார்?
2. காந்தியடிகள் அங்கே எத்தனை முறை வந்தார்?
3. சேரன்மாதேவிக் குருகுலத்தில் ஏன் சண்டை வந்தது?

கூடிப் பேசுங்கள்

வ. வே. சு. ஐயரின் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தப் பெற்றோரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்கள் ஊரில் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்களா?