கைபேசி ஆட்டத்திற்கும் பாயிரம் வேண்டும்

கைபேசி ஆட்டத்தைப் பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையோ என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். இரவு ஒன்பது மணிக்குமேல் விடுதியின் எந்த அறைக் கதவைத் தட்டினும் ஆங்கே ஒருவரேனும் கைபேசியில் ஆடிக்கொண்டிருத்தலைக் காணலாம். நம் பொழுதில் இத்துணைப் பங்கு கொள்ளும் ஒன்றனை ஆராயாதிருத்தலே எனக்கு வியப்பாகத் தோன்றுகின்றது. ஆயினும், ஆட்டம் நன்றோ தீதோ என்னும் வழக்கில் யான் புகவில்லை. அது பட்டிமன்றத்தார்க்கு உரியது. சாகச விளையாட்டு எனப்படும் ஒருவகை ஆட்டத்தை விலை கொடுத்து வாங்குதல் தகுமா, தகுமாயின் எத்தகையதை வாங்குவது என்பதே என் வினா.

முதற்கண் மூன்று பொருள்களைப் பிரித்துணர்தல் வேண்டும். பணம் வைத்தாடும் ஆட்டம் வேறு. விலையுள்ள ஆட்டம் வேறு. முன்னது சூது. இணையவழிப் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. பின்னதோ, ஒரு நூலை வாங்குவது போல ஒருமுறை விலை தந்து பெறுவது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதொன்று உண்டு. அதன் பெயர் இலவசம். நம் பெற்றோர் மூன்றையும் ஒன்றெனக் கொண்டு வைகின்றனர். நாமோ மூன்றாவதைச் செலவற்றதென நம்பி, விலையுள்ளதை வாங்குவானைப் பித்தன் என்கின்றோம். இரு கொள்கையும் பொருந்தா என்பது என் துணிபு.

சாகச விளையாட்டாவது யாதெனின், ஆடுவான் தானே கதைமாந்தனாகி, அறியாத இடம் புகுந்து, ஆங்குள்ள புதிர்களை அவிழ்த்துக் கதையை முடிவுவரை நடத்திச் செல்லும் ஆட்டம். விரைந்து சுடுதல் இதற்கு இன்றியமையாததன்று. உற்று நோக்குதலும் நினைத்தலுமே இன்றியமையாதன. அமெரிக்கக் கணினியறிஞர் வில் கிரௌதர் என்பார் குகைகளுள் புகுந்து ஆராய்வதில் பெருவிருப்பினர். கெண்டகி மாநிலத்து மாமத் குகையை அடிப்படையாகக் கொண்டு, தம் பெண்மக்கள் ஆடுதற்பொருட்டு, 1976ஆம் ஆண்டளவில் ஓர் ஆட்டம் அமைத்தார். அதிற் படமில்லை, எல்லாம் சொற்களே. மறு ஆண்டு டான் உட்ஸ் என்பார் அதனை விரித்தார். 'அட்வெஞ்சர்' என்னும் அதன் பெயரே பின்னர் இவ்வினம் முழுமைக்கும் ஆயிற்று. தந்தை மக்களுக்கென ஆக்கிய பொருளாதலின் அதற்கு விலை இல்லை. இன்று ஆக்குவார்க்கு இது பிழைப்பு. ஆதலின் விலை வந்தது.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். எங்கள் சத்தியமங்கலத்தை அடுத்த புன்செய்ப் புளியம்பட்டியில் வாரந்தோறும் மாட்டுச் சந்தை கூடும். ஆங்கு மாடு பிடிக்க வரும் குடியானவர் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நாலடி நடத்திப் பார்ப்பர், அதன்பின்னரே துண்டினுள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவர். ஆட்டமோ பல்லும் சுழியும் காட்டாது. ஆடி முடித்த பின்னரே அதன் தன்மை விளங்கும். நூலும் அத்தகையதே. முழுதும் கற்பதற்கு முன் நூலொன்றன் தகுதியை எங்ஙனம் அறிவது என்னும் இவ்விடர்ப்பாட்டிற்கு நம் முன்னோர் கண்ட வழியே பாயிரம்.

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளை உரைத்தல் வேண்டும் என வகுத்த பவணந்தியார், வேறு மூன்றினைக் கூட்டிக் கூறுவாரும் உளர் என்றார். அவர் பிறந்த சனகாபுரம் பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பது கொங்கு நாட்டார் கொள்கை. எம் நாட்டுப் புலவர் தந்த தராசினால் எம் தோழர் வாங்கும் சரக்கை நிறுத்தல் தகாததன்று எனக் கருதி, அவ்வெட்டனுள் வேண்டுவனவற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

ஆக்கியோன் பெயர் அறியாமல் நூல் வாங்குவார் அரியர். ஆட்டத்தில் அதனை எவரும் உசாவுவதில்லை. நல்ல சாகச ஆட்டங்களுட் பல சிறு குழுவினரால் ஆக்கப்பட்டவை. முன்னர் ஒரே நிறுவனத்தில் பணிபுரிந்த ஓவியர் அறுவர் இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் 2008இல் ஃபயர்ப்ரூஃப் என்னும் குழுவைத் தொடங்கி, 2012இல் 'தி ரூம்' என்பதனை வெளியிட்டனர். செக் நாட்டு அமானிட்டா குழுவினர் 2009இல் கணினிக்கென ஆக்கிய 'மெஷினேரியம்' 2011இல் ஐபேடிற்கு வந்தது. இத்தகையோர் ஓர் ஆட்டத்தைச் செவ்விதிற் செய்தாராயின், அடுத்ததனையும் அவ்வாறே செய்வர் என எதிர்பார்த்தல் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

எல்லை என்பதனை நூலின் நீளம் என மயங்குவார் உளர். நூல் வழங்கும் நிலப்பரப்பே எல்லை. ஆட்டத்திற்கு நிலமாவது அது இயங்கும் கருவி. இவ்விடத்தில் விலை கொடுப்பார் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தார் 2017இல் தம் பதினோராம் இயங்குதளத்தில் 32 பிட் செயலிகளுக்கு இடமின்றிச் செய்தனர். புதுப்பிக்கப்படாத பழைய ஆட்டங்கள் அத்தளத்திற்கு மாறினார் கையிற் செயலற்றுப் போயின. 'இன்ஃபினிட்டி பிளேடு' என்னும் புகழ்பெற்ற ஆட்டம் 2018 டிசம்பரில் கடையினின்றே நீக்கப்பட்டது. அச்சிட்ட நூலைச் செல்லரித்தாலும் அரிக்கும். இங்ஙனம் ஒரே நாளில் எங்கும் மறையாது. ஆதலின், ஆட்டம் இறுதியாக எந்நாளிற் புதுப்பிக்கப்பட்டது என்னும் குறிப்பைக் கடைப்பக்கத்திற் கண்ட பின்னரே பணம் செலுத்துக. விலையாட்டத்திற்கு இப்பகுதியில் ஒரு நன்மையும் உண்டு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து தாளவாடிக்குப் பேருந்திற் செல்வார் அறிவர், காட்டினுள் அலைத்தொடர்பு அற்றுப்போதலை. இணையத்தை நம்பிய இலவச ஆட்டம் ஆங்கே நின்றுவிடும். ஒருமுறை இறக்கிக்கொண்ட சாகச ஆட்டங்களோ பெரும்பாலும் இணையமின்றியே இயங்கும்.

கேட்போர் யாவர் என்பதும் நோக்கற்பாலது. ஜூல்ஸ் வெர்ன் 1873இல் நூலாக வெளியிட்ட உலகப் பயணக் கதையைத் தழுவி, கேம்பிரிட்ஜ் நகர இன்கிள் குழுவினர் 2014இல் 'எய்ட்டி டேஸ்' என்பதனை வெளியிட்டனர். மெக் ஜயந்த் என்னும் எழுத்தாளர் எழுதியது. ஐந்து லட்சம் சொற்களுக்கு மேற்பட்டது. ஆங்கில நூல்களில் திளைப்பார்க்கு அஃது ஒரு விருந்து. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து இவ்வாண்டு வந்து சேர்ந்த தம்பியர்க்கு முதல் மணி நேரம் மலையேற்றமாகவே இருக்கும்.

நிற்க. யாப்பு என்னும் உறுப்பிலேதான் பெருவழக்கு நிகழ்கின்றது. தொகுத்துச் செய்தலும் விரித்துச் செய்தலும் முதலிய ஆக்கமுறையை யாப்பென்பர். இலண்டன் நகர அஸ்டூ குழுவினர் 2014 ஏப்ரலில் 'மான்யுமென்ட் வேலி' என்பதனை 3.99 டாலர் விலைக்கு வெளியிட்டனர். இன்றைய மாற்று மதிப்பில் அஃது ஏறத்தாழ 350 ரூபாய். பத்தே பகுதிகள், இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஏறுவது இறங்குவதாகவும், தொலைவில் உள்ளது அருகே வந்து பொருந்துவதாகவும் கண்ணை மயக்கும் மாடங்களிடையே ஐடா என்னும் இளவரசியை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. அவ்வாண்டு நவம்பரில் எட்டுப் புதிய பகுதிகளை 1.99 டாலருக்குத் தந்தபோது, மீண்டும் பணமா எனச் சினந்து ஒற்றை விண்மீன் இட்டார் பலர். அவ்வெட்டுப் பகுதிகளை ஆக்க 29 வாரங்களும், முதல் ஆட்டத்தை ஆக்க 55 வாரங்களும் 8,52,000 டாலரும் சென்றன எனப் பின்னர் அக்குழுவினர் கணக்கு வெளியிட்டனர்.

இரண்டு மணி நேரத்தில் முடிவதற்கு 350 ரூபாயோ என்னும் வினாவை நம் விடுதியிலும் கேட்கலாம். ஒரு மணிக்கு இத்துணை ரூபாய் எனக் கணக்கிடுவது கூலிக்கு ஏற்ற அளவை, கலைக்கு ஏற்றதன்று. நான்கடியில் முடிந்தது என்று நேரிசை வெண்பாவை எவரும் குறை கூறார். அப்பெயரையே தாங்கி, கனடாவின் டொரான்டோ நகர விசை கேம்ஸ் குழுவினர் 2023 ஜூலையில் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அது கணினிக்கும் ஆட்டக் கருவிகளுக்கும் வந்ததாயினும் நம் வினாவிற்குப் பெரிதும் உரியது. 1980களிற் கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி முதலியன சமைத்து, தன் மொழியினின்று விலகிச் செல்லும் மகனை நோக்கி நிற்கும் கதை. அதுவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிவதே. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பினர் முதல் ஆக்கத்திற்குரிய பரிசினை அதற்கு வழங்கினர். இன்னும் இருபது மணி நேரம் அதனை நீட்டியிருப்பின் அத்தாயின் துயரம் நம் நெஞ்சிற் பதிந்திருக்குமோ என்பது ஐயமே.

முடிவுடைமையைக் குறையென்பார் கருதாதது ஒன்றுண்டு. முன்னரே விலை பெற்றுக்கொண்ட வணிகனுக்கு, அதன்பின் நம்மைப் பிடித்து வைத்தலால் வரும் வருவாய் யாதுமில்லை. ஆடி முடித்து நாம் மகிழ்ந்து எழுந்து சென்றால் அவனுக்குப் புகழ், அடுத்ததற்கும் வருவோம். இலவசமாகக் கொடுப்பவன் நிலை வேறு. நாம் ஆடும் காலத்திலேதான் அவன் ஈட்டல் வேண்டும். ஆகவே நாம் எழுந்து செல்லாமையே அவன் வேண்டுவது. ஆற்றல் தீர்ந்தது, நான்கு மணி நேரம் பொறு, அன்றேல் பணம் கொடு என்னும் தடை. ஒருநாள் வாராதொழியின் பரிசு தப்பும் என்னும் அச்சம். இடையிடையே விளம்பரம்: இவையெல்லாம் இதன்பொருட்டே அமைந்தன. சீனத்து மிஹோயோ நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'கென்ஷின் இம்பேக்ட்' இலவசமே. அதன் மலைகளும் நகரங்களும் அழகியன என்பதனை மறுக்கமாட்டேன். எனினும் அதில் விரும்பிய மாந்தரைப் பெறுதல் குலுக்கல் முறையில் அமைந்தது. குலுக்கலுக்குப் பணம் செலுத்தலாம். இவ்வாறு பணத்திற்கு விற்கப்பட்ட குலுக்கற் பெட்டிகள் சிலவற்றைச் சூதென்றே பெல்ஜிய நாட்டு ஆணையம் 2018இல் முடிவு செய்தது.

கோபுரம் கட்டப் புகுவான் முதலில் அமர்ந்து செலவை எண்ணிப் பார்ப்பான் என நம் ஆண்டவர் உரைத்த உவமையை லூக்கா 14ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். விலையாட்டத்தில் அவ்வெண்ணிக்கை ஒரு கணத்தில் முடியும். இலவச ஆட்டத்திலோ மொத்தச் செலவு எவ்வளவென்று ஆடுவானுக்கும் தெரியாது, விற்பவனும் கூறான். மாத முதலில் வீட்டிலிருந்து வரும் பணத்தில் சிறு சிறு தொகையாகக் கழிவதனை இருபதாம் நாளில்தான் உணர்கின்றோம். ஆதலின் விலையிட்டு விற்றபின் உள்ளேயும் கடை விரித்திருக்கும் ஆட்டத்தை யான் வாங்கேன். கடைப்பக்கத்தில் அச்செய்தி விலைக்கு அருகிலேயே சிறிய எழுத்திற் குறிக்கப்பட்டிருக்கும்.

விலையும் கொடாது, விலையாட்டத்தையும் விடாது, திருட்டுப் படியை இறக்கிக்கொள்வாரும் உளர். ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்பட்ட 'மான்யுமென்ட் வேலி' படிகளுள் நூற்றுக்கு 5 மட்டுமே விலை பெற்றவை என 2015இல் அக்குழுவினர் உரைத்தனர். ஒருவரே இரு கருவிகளில் நிறுவியதும் அக்கணக்கில் அடங்கும். அதனைத் தள்ளினும் எஞ்சுவது களவே. விலை கொடுப்பாரின்றேல் முடிவுடைய ஆட்டங்கள் அருகி, முடிவிலா இலவசங்களே எஞ்சும். இப்பொழுதே கடையின் முகப்பிற் பெரும்பாலும் அவையே நிற்கின்றன.

விலை மிகுதியெனின் காத்திருத்தலில் இழப்பில்லை. சத்தியமங்கலத்துப் பூச்சந்தை மல்லிகையை அன்றே விற்றாக வேண்டும், மறுநாள் வாடிவிடும். ஆட்டம் அவ்வாறு வாடுவதன்று. விழாக்காலங்களில் விலை இறங்குவதுண்டு. வாங்கிய பின்னர்ப் பொருந்தாதெனின், 48 மணி நேரத்திற்குள் கூகிள் கடையாரிடம் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். மாதச் சந்தா முறையும் உண்டு. கூகிள் ப்ளே பாஸ் 2022இல் நம் நாட்டிற்கு வந்தபோது மாதம் 99 ரூபாய். விடுமுறை மாதத்தில் இரண்டு மூன்று ஆட்டங்களை ஆடி முடிப்பார்க்கு அது சிக்கனம். மறந்து தொடர்ந்து கட்டுவார்க்கு நட்டம். சந்தாவிற் கிடைப்பது நம்முடையதன்று என்பதனையும் நினைவிற் கொள்க. 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வாயிலாக வந்த 'மான்யுமென்ட் வேலி' மூன்றாம் பாகம் 2025 ஜூலையில் அங்கிருந்து நீங்கிற்று.

முதன்முதல் எதனை வாங்கலாம் என வினவுவார்க்கு 'மெஷினேரியம்' என்பேன். துருப்பிடித்த நகரொன்றில் ஒரு சிறு இயந்திர மனிதன் தன் தோழியைத் தேடிச் செல்லும் அக்கதையில் உரையாடலே இல்லை. மாந்தர் நினைப்பதெல்லாம் ஓவியக் குமிழிகளாய்த் தோன்றும். ஆங்கிலம் வாராதார் ஒருவரும் அதில் இடர்ப்படார். அடுத்தது 'தி ரூம்'. பூட்டிய பெட்டியொன்றைச் சுற்றிச் சுற்றி நோக்கி, மறைவாணியைத் திருகி, இழுப்பறையைக் கண்டு, அதனுள் மற்றொரு பூட்டைக் காணும் ஆட்டம் அது. எங்கள் பாட்டிமார் மரப்பெட்டியின் கள்ள அறையைத் தேடிப் பார்த்த கைகளுக்கு அதன் இன்பம் உடனே விளங்கும். 'எய்ட்டி டேஸ்' பருவத்தேர்வு முடியும்வரை பொறுக்கட்டும். ஒருமுறை முடித்தாரை வேறு வழியே மீண்டும் இலண்டனிலிருந்து புறப்படச் செய்வது அது.