உலகம் தந்ததும் ஊர் தரவேண்டியதும்



"வெளிநாட்டுக்காரன் தராவிட்டால் நாங்கள் அழிந்துபோயிருப்போம்" என்பார் ஒருவர். "வெளிநாட்டுக்காரன் வந்துதான் ஊரைக் கெடுத்தான்" என்பார் அடுத்தவர். ஆழிப்பேரலையைப் பற்றிப் பேச்செழுந்தால் இவ்விரண்டையும் ஒரே வாங்கில் இருந்தபடி கேட்கலாம். இரண்டிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்டு என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம். நம் பிள்ளைகள் ஐக்கிய நாடுகள் சபை என்றும் சர்வதேச ஒத்துழைப்பு என்றும் பாடப் புத்தகத்தில் மனனம் செய்கிறார்கள். அந்த ஒத்துழைப்பு நமது ஒழுங்கை மட்டும் எப்படி வந்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று அவர்கள் கேட்டால் சொல்லப் பெரியோருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நற்பிட்டிமுனையை எடுத்துக்கொள்வோம். கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கிப் பக்கம் போகும் வழியில், வயலை அண்டிய ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். அதற்குக் கிழக்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோரமாக நெருக்கித் தொடுத்த குடியிருப்புகள். 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் அதுவே. கடல் எழுந்து வந்தபோது உயிர் தப்பியவர்கள் ஓடியது மேற்குத் திசையில்தான். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் இறந்தோர் 10,000க்கு மேல். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் பிள்ளைகளுடன் இருந்து போட்டுப் பாருங்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது நமது நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர். அலை நம் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கடற்கரையிலிருந்து நற்பிட்டிமுனைக்கு ஒரு கிழவி தடியூன்றி நடந்தாலும் அந்த நேரம் போதும். ஆயினும் ஒருவரும் நடக்கவில்லை, சொல்ல ஆளில்லை. பசிபிக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு இவ்வாறு நேரவில்லை. 1946இல் ஹவாய்த் தீவை ஓர் அலை அழித்தபின், 1949இல் அங்கே எச்சரிக்கை நிலையம் அமைத்தார்கள். 1960இல் சிலி நாட்டில் எழுந்த அலை யப்பான் வரை சென்று கொன்றபின், 1965இல் யுனெஸ்கோவின் கீழ் அந்நாடுகள் ஒன்றுகூடி ஒரு பொது ஏற்பாட்டைச் செய்தன. அன்று காலை ஹவாயில் இருந்த அறிஞர்கள் நிலநடுக்கத்தை அறிந்தார்கள். பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தும் விட்டார்கள். இந்து சமுத்திர நாடுகளில் யாரை அழைத்துச் சொல்வது என்ற ஏற்பாடுதான் இருக்கவில்லை. அறிவு இருந்தது, கருவியும் இருந்தது, தொலைபேசியில் அழைக்க ஒரு பெயர்ப்பட்டியல் இல்லாமற் போயிற்று.

அதன் பிறகு உலகம் விழித்தது. 2005இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழு இந்து சமுத்திரத்துக்கும் ஓர் எச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தத் தீர்மானித்தது. 2011 ஒக்ரோபர் தொடக்கம் இந்தியா, இந்தோனீசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் மற்ற நாடுகளுக்கெல்லாம் செய்தி கொடுக்கும் பொறுப்பை ஏற்றன. இந்திய நிலையம் ஐதராபாத்தில் உள்ளது. சில மாதங்களில், 2012 ஏப்ரல் 11இல், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கிற்று. புத்தாண்டுக்கு உடுப்பு வாங்கித் திரிந்த நாட்கள் அவை. இம்முறை எச்சரிக்கை வந்தது. கடலோர மக்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தார்கள். நிலம் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் வழுக்கியபடியால் பெரிய அலை எழவில்லை. "வீணாக ஓடினோம்" என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. பெரியதொரு தொகையைச் செலவிட்டு உலகம் நமக்கு வாங்கித் தந்தது அந்த வீண் ஓட்டத்தைத்தான் என்பேன்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். ஆழிப்பேரலைக்காக உலகம் தருவதாகச் சொன்னதும் தந்ததும் சுமார் 1,350 கோடி டொலர். நன்கொடையாளர்களே கூடி நடத்திய மதிப்பாய்வு 2006இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டொலருக்கு மேல் விழுந்தது என்று அது கணக்குக் காட்டியது. அதே 2004இல் வங்காள தேசத்தில் பெருவெள்ளம். அங்கே தலைக்குச் செலவானது 3 டொலர்! ஒரே ஆண்டு, ஒரே கடலின் அயல் நாடு. தொலைக்காட்சியில் எத்தனை நாள் காட்டினார்கள் என்பதைப் பொறுத்து இரக்கம் கூடிக் குறையலாமா? அக்காலத்தில் நான் குருமட மாணவன். ஒரு முகாமில் பொதி பிரிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒரு பொதிக்குள் குளிர்நாட்டுக் கம்பளி மேற்சட்டைகள். அனுப்பியவர் நல்ல மனத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் நமது கிழக்கு வெயில் அவருக்குத் தெரியாது. கேட்கவும் அவருக்கு ஆளிருக்கவில்லை.

கம்பளிச் சட்டை சிறிய காரியம். வீடு அப்படியன்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள். தெற்கில் அது 100 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது. கல்முனைக் கரையைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையில் ஒடுங்கிய மணற்றரை. அதிலே 200 மீற்றரை விட்டால் எங்கே போவது? பணம் வந்தது, நிலம் இல்லை. நிலம் தேடியபோது அது எந்தச் சமூகத்தின் காணி என்ற கேள்வி எழுந்தது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியா 500 வீடுகளைக் கட்டியது. யாருக்குக் கொடுப்பது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய பின்னரும் வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்தன. சவூதி அரேபியா இதில் என்ன செய்ய முடியும்?

இதே நோய் இன்னும் பெரிய அளவில் 2005இல் வெளிப்பட்டது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் யூன் 24இல் நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு ஒன்றில் கையொப்பமிட்டனர். நன்கொடை நாடுகள் விரும்பி எதிர்பார்த்த உடன்படிக்கை அது. முஸ்லிம்களுக்குக் குழுக்களில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது உண்மையே. ஆயினும் கையொப்பமிட்டவர்களுள் அவர்கள் இல்லை. அம்பாறையில் பெருந்தொகையாக மாண்ட மக்களை மேசைக்கு அழைக்காமல் அவர்களுக்காகச் செய்த ஒப்பந்தம்! நற்பிட்டிமுனையில் ஒரு வேலிக்கு இருபுறமும் இருந்தவர்கள் அந்தச் செய்தியை இரண்டு விதமாகவே கேட்டிருப்பார்கள். தென்னிலங்கையிலும் எதிர்ப்பு மூண்டது. யூலை 15இல் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு செயற்படவேயில்லை. அதை முற்றாக எதிர்த்தவர்களோடு நான் உடன்படவில்லை. குறையைத் திருத்தியிருக்கலாம், கருவிலே கொன்றிருக்க வேண்டியதில்லை. 2002 பெப்ரவரியில் நோர்வே முன்னின்று செய்த போர்நிறுத்தத்துக்கும் ஏறக்குறைய இதுவே கதி. நோர்டிக் நாட்டுக் கண்காணிப்பாளர்கள் மீறல்களை எண்ணிப் பதிந்தார்கள். தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை. 2008 சனவரியில் அவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963இல் அமைதி பற்றி எழுதிய சுற்றுமடலில், உலகின் பொது நலனைக் காக்க ஓர் உலகப் பொது அதிகாரம் தேவை என்றார். அதே மடலில், சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதை அது தன் கைக்குள் எடுக்கலாகாது என்றும் காட்டினார். நம்மவர் முதற் பாதியைப் பிடித்துக்கொள்கிறோம். ஐக்கிய நாடுகள் வரட்டும், நோர்வே வரட்டும், பணம் வரட்டும் என்கிறோம். கடலின் அசைவை ஐதராபாத்திலிருந்து கண்டு சொல்ல உலகத்தால் முடியும், நற்பிட்டிமுனையால் முடியாது. அயல் வீட்டாரோடு ஒரு மேசையில் இருக்க நற்பிட்டிமுனையால் முடியும், உலகத்தால் முடியாது.

எச்சரிக்கைச் சங்கிலியையே பாருங்கள். மூன்று நாட்டு நிலையங்களிலிருந்து கொழும்புக்குச் செய்தி வரும். கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கு வரும். அங்கிருந்து ஒழுங்கைக்குள் கொண்டுவருவது யார்? இரவு இரண்டு மணி, மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, அம்மன் கோவில் மணி, நமது ஆலய மணி ஆகிய மூன்றும் ஒரே செய்திக்கு ஒலிக்க வேண்டும் என்று மூன்று இடத்துப் பொறுப்பாளர்களும் என்றாவது ஒன்றாக இருந்து பேசியிருக்கிறார்களா? மேற்கே ஓடும் கூட்டம் எந்தப் பாடசாலையில் தங்கும்? மாரியில் கிட்டங்கித் தாம்போதியை மேவி வெள்ளம் பாய்ந்த நாட்களை நீங்கள் அறிவீர்கள். அந்நாட்களில் அதற்கப்பால் வழியில்லை. இருக்கும் இடத்தை இரு சமூகமும் பங்கிட வேண்டியிருக்கும்.

இவ்வாரம் வீட்டில் செய்து பார்க்க ஒன்று. இரவுச் செபம் முடிந்தபின் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். மற்றச் சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்களுள், நள்ளிரவிலும் தயங்காமல் அழைக்கக்கூடிய மூன்றின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தாள் வெறுமையாக இருந்தால், ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு வீட்டுப் படலையைத் தட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.