29–4: ஒரு பழைய ஸ்கோரைப் படிப்பது எப்படி?

அன்புள்ள கவின்மலர்,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதிய உரையைப் படித்தேன். கூடவே, "பெரியப்பா, 29–4 என்றால் அது பேஸ்பாலா, கபடியா?" என்றும் கேட்டிருக்கிறாய். பேஸ்பால்தான். கபடியில் நேரம் முடிந்து விசில் ஊதினால் தோற்கிற அணி தப்பித்துவிடும். பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. எதிரணியில் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தால்தான் நம் முறை வரும். அதுவரை அவர்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 1896 மே 23 அன்று யோகோஹாமாவில் அமெரிக்கர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

ஜெயித்தவர்கள் டோக்கியோவின் முதலாம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பள்ளி என்றதும் உன் வயதுப் பிள்ளைகளாக நினைத்துவிடாதே. பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்கட்டமாக அங்கே படித்த இளைஞர்கள் அவர்கள். தோற்ற அமெரிக்கர்கள், யோகோஹாமாவில் குடியிருந்த வெளிநாட்டினரின் விளையாட்டுக் கிளப்பைச் சேர்ந்தவர்கள்.

இந்த இரு தரப்புக்கும் இடையே இருந்த பகையின் வேர் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. அன்று ஜப்பானில் ஒரு வெளிநாட்டவர் குற்றம் செய்தால், ஜப்பானிய நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது. அவர் நாட்டுத் தூதரக அதிகாரிதான் விசாரிப்பார். மேற்கத்திய நாடுகள் கட்டாயப்படுத்தி வாங்கிய ஒப்பந்தங்கள் அப்படி. அந்த முறை 1899-இல்தான் ஒழிந்தது. அதே சமமின்மை விளையாட்டிலும் தெரிந்தது. பேஸ்பாலை 1872 வாக்கில் டோக்கியோ மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர். ஆனால் அந்த மாணவர்களின் வழிவந்தவர்கள் "எங்களோடு ஆட வாருங்கள்" என்று பல ஆண்டுகள் கேட்டும் கிளப் மசியவில்லை. ஒருவழியாக ஒப்புக்கொண்டு வரவழைத்த அன்றும், அவர்கள் பயிற்சிக்கு இறங்கியபோது பார்வையாளர்கள் கேலி செய்தார்கள்.

பிறகுதான் 29–4.

உன் உரையில் இதை "ஜப்பானிய வீரத்தின் வெற்றி" என்று எழுதியிருக்கிறாய். அன்றைய ஜப்பானியப் பத்திரிகைகளும் ஏறத்தாழ அப்படித்தான் கொண்டாடின. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிளப்காரர்கள் தொழில், வியாபாரத்துக்காக வந்தவர்கள். ஓய்வு கிடைத்தால் ஆடுவார்கள். மாணவர்களோ குளிர்காலத்திலும் பயிற்சியை விடாதவர்கள். பந்து பட்டால் "வலிக்கிறது" என்று வாய்திறக்கக் கூடாதாம். பொறுக்கவே முடியாவிட்டால் "அரிக்கிறது" என்று சொல்லிக்கொள்ளலாமாம்! (நீ முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு போட்ட கூச்சல் நினைவுக்கு வந்தது.) இப்படிப் பழகியவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களை வெல்வதில் வியப்பில்லை. அத்தனை காலம் ஆட மறுத்ததால், எதிரே நிற்பவர்கள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்பதே கிளப்புக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஸ்கோரில் நான் முதலில் பார்ப்பது இந்த அலட்சியத்தைத்தான்.

அடுத்து நடந்தவற்றை நீ எழுதவே இல்லை. தோற்றவர்கள் மறு ஆட்டம் கேட்டார்கள். துறைமுகத்தில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மாலுமிகளையும் களமிறக்கினார்கள். ஜூன் 5 அன்று 32–9, ஜூன் 27 அன்று 22–6. இரண்டிலும் மாணவர்களே வென்றார்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று நான்காவது ஆட்டம். அதில் அமெரிக்கர்கள் 14–12 என்று ஜெயித்தார்கள்.

விளையாட்டு என்று பார்த்தால் நான்கிலும் நல்ல ஆட்டம் அதுதான் என்பேன். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சமமாக மதித்து, முழு பலத்தோடு மோதியது அன்றைக்குத்தான். ஆனால் வெற்றிக் கதை சொல்ல வருகிறவர்கள் அதை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

உரைக்கு ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்று தெரியும். வீரம் பற்றிய பத்தியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்த 14–12-ஐயும் சேர்த்துத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா