சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையிலிட்டு முற்றும் சுட்டால் எஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே. மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. 1914இல் போர்பந்தரில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியபோதும் இதுவே கணக்கு, இன்றும் இதுவே. பெரிதும் மாறியிருப்பது எரிபொருட் செலவு.

சிமெண்ட் சூளை என்பது உட்புறம் தீச்செங்கல் பதித்து, சற்றே சாய்வாக அமைத்த, சுழலும் எஃகு உருளையாகும். மேல்முனையில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த பொடி இடப்படுகிறது. கீழ்முனையில் நிலக்கரித்தூள் எரிகிறது. ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடில் கல் சிதைந்து வாயு நீங்குகிறது. அதன்பின் 1,450 டிகிரியில் சுண்ணாம்பு, சிலிகா, அலுமினா, இரும்பு ஆக்சைடு ஆகியவை கூடி, ஓரளவு உருகி, 'கிளிங்கர்' எனும் கட்டிகளாகின்றன. இவற்றுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட்.

முற்காலத்து ஆலைகளில் மூலப்பொருள்களை நீர் விட்டுக் குழம்பாக்கிச் சூளைக்கு அனுப்பினர். கலவை சீராக அமைந்தது உண்மையே. ஆனால் அந்நீரை ஆவியாக்கவே நிலக்கரி வீணாயிற்று. ஒரு கிலோ கிளிங்கருக்கு 1,300 கிலோ கலோரிக்கும் மேல் தேவைப்பட்டது. உலர்முறையில் இது ஏறத்தாழ 750ஆகக் குறைந்துள்ளது. சிமெண்ட் மீதான கட்டுப்பாடு 1982இல் ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989இல் முழுவதும் நீக்கப்பட்டது. அக்காலத்தில் எழுந்த பெரிய ஆலைகள் உலர்முறையையே மேற்கொண்டன. அவற்றில் சூளையின் வெப்பக்காற்று உயர்ந்த கோபுரத்தினுள் மேலெழ, எதிரே இறங்கும் பொடி சூடேறுகிறது. கோபுரத்தின் அடியில் தனி உலையொன்றில் எரிபொருளின் ஒரு பகுதியை எரிப்பதால், கல் சிதையும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சூளையை அடையுமுன்னரே முடிந்துவிடுகிறது.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அச்சாம்பல் கிளிங்கரிலேயே கலந்துவிடும். அதிலுள்ள சிலிகாவை ஈடுசெய்ய உயர்தரச் சுண்ணாம்புக்கல் வேண்டும். எனவே, நிலக்கரியை நோக்காமல் சுரங்கத்தின் தரத்தை மட்டும் மதிப்பிடுவது அரைகுறைத் திட்டமே.

எரிபொருளை எவ்வளவு சேமித்தாலும் கல்லிலிருந்து வரும் வாயு குறையாது. ஒரு டன் கிளிங்கருக்குக் கல் மட்டுமே அரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயுவை விடுகிறது. ஆகவே கிளிங்கரைக் குறைவாகச் சேர்ப்பதே கைக்கெட்டிய வழி. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரை சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடமளிக்கிறது. இரும்பு உலைக் கசடும் பயன்படுகிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த சிமெண்டிற்கு 2023இல் தனித் தர நிர்ணயம் வெளியாயிற்று. இவ்வகையில் கிளிங்கர் ஏறத்தாழ பாதியளவே போதும். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவு வெப்பம் போதுமானது. அதிலிருந்து வெளியேறுவது நீராவி. உடன் சேரும் சுண்ணாம்புக்கல்லோ சுடப்படாமலே அரைக்கப்படுவதால், அதன் 44 பங்கும் கல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.