விரல் நுனியில் வன்சொல்

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் பிறர்க்குத் தீங்கு செய்யாதிருத்தலே அறம் என்பது ஆன்றோர் வாக்கு. வள்ளுவப் பெருந்தகை இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை எனச் சொல்லின் தூய்மைக்கே தனித்தனி அதிகாரங்களை வகுத்தருளினார். அன்று சொல் பிறக்கும் இடம் நா ஒன்றே. இன்றோ கைப்பேசியைத் தொடும் விரல் நுனியிலும் சொல் பிறக்கிறது. ஆகவே நாவைக் காத்தல் போலவே விரலைக் காத்தலும் இக்காலத்து அறமாகும்.

பதின்ம வயதினர் சிலர், உடன் பயிலும் ஒருவரைக் குறிவைத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களிலும் உருவத்தை எள்ளுவர்; நிறத்தையும் சாதியையும் சொல்லி இழிப்பர்; பொய்ப்பெயரில் கணக்குத் தொடங்குவர்; படத்தைத் திரித்துப் பரப்புவர். இதுவே இணையவழித் துன்புறுத்தல் எனப்படுகிறது. முன்னாளில் பள்ளியில் கேட்ட ஏளனம் பள்ளி வாயிலோடு நின்றது. வீடு பிள்ளைக்குப் புகலிடமாயிற்று. இன்று அவ்வேளனம் நள்ளிரவிலும் தலையணை அருகே வந்து ஒலிக்கிறது. அதனால் உறக்கம் கெடுகிறது, உணவு வெறுக்கிறது, படிப்பில் நாட்டம் குறைகிறது, தனிமையே துணையாகிறது.

கனடா நாட்டில் வாழ்ந்த அமண்டா டாட் என்னும் சிறுமியை இணையத்தில் முகமறியா ஒருவன் வஞ்சித்து, அவளது அந்தரங்கப் படத்தைக் கைப்பற்றிப் பரப்பினான். அவள் பள்ளி மாறினாள். படம் அங்கும் பின்தொடர்ந்தது. உடன் பயின்றோரும் எள்ளி ஒதுக்கினர். 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் தன் துயரத்தை அட்டைகளில் எழுதிக் காட்டி ஒரு காணொளி வெளியிட்டாள். அக்டோபர் 10ஆம் நாள், தன் 15ஆம் வயதில், உயிர் நீத்தாள். அவளை மிரட்டியவனுக்குக் கனடா நீதிமன்றம் 2022இல் 13 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

மிரட்டியவன் ஒருவன். ஆயினும் அப்படத்தைப் பார்த்துச் சிரித்தவர் பலர், ஒதுக்கியவர் பலர். அவர்களுள் சிலரேனும் அவள் பக்கம் நின்றிருந்தால் அவள் சுமை குறைந்திருக்கும் அன்றோ? பிறர் அனுப்பிய இழிசொல்லை மற்றொருவருக்கு அனுப்புவோரும் அப்பழியில் பங்குடையவரே. "விளையாட்டுக்குச் செய்தோம்" என்பது விடையாகாது. பொய் வேடமிட்டு ஏமாற்றுவதும், ஒருவரது அந்தரங்கப் படத்தை இசைவின்றிப் பரப்புவதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள் ஆகும்.

பெற்றோர் கருதத்தக்கது ஒன்றுண்டு. துன்புறும் பிள்ளைகள் பலர் வாய் திறவாமைக்குக் காரணம், "கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், நம்மையே குறை கூறுவார்கள்" என்னும் அச்சமே. ஆதலின் பிள்ளை சொல்லத் தொடங்கும்போது சினவாது, இடைமறியாது, முழுவதும் கேளுங்கள். "இது உன் பிழை அன்று, நாங்கள் உடனிருக்கிறோம்" என்னும் சொல்லே முதல் மருந்து. இழிசொல்லுக்கு மறுமொழி அனுப்ப வேண்டா. வந்த செய்திகளை அழித்துவிடாமல் நாளும் நேரமும் தெரியப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பின் அனுப்பியவரின் தொடர்பைத் தடை செய்க. அந்தரங்கப் படமாயின், சான்றுக்காகவும் பிறர்க்கு அனுப்பற்க.

குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. பள்ளித் தலைமையாசிரியரிடமும் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் தயங்காது முறையிடலாம்.

இன்றிரவு நம் வீட்டுப் பிள்ளையின் அருகமர்ந்து, "உன் மனத்தை வருத்தும் செய்தி ஏதேனும் வந்ததா? நீ யாரையேனும் வருத்தினாயா?" என்று இரண்டையும் அன்போடு வினவுவோம். வன்சொல் அனுப்பாத விரலும், துயரைக் கேட்கும் செவியும் நம் இல்லந்தோறும் பெருகுவதாக!