கதவைத் தின்பது காளான் அல்ல

“கட்டையில காளான் வளர்த்தா வீட்டு நிலை, கதவு, உத்தரம் எல்லாத்தையும் அரிச்சிடுமாமே சார்?” காளான் வகுப்பு எடுக்கப் போகிற ஊரிலெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆசையாக வித்து ஏற்றி எடுத்துப்போன மாமரக் கட்டையை, மாமியார் பயந்தார் என்பதற்காகக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்து நின்றார் ஒரு பெண். இனிமேலும் இதைச் சிரித்துக் கடக்க முடியாது.

நான் கட்டையில் வளர்க்கச் சொல்லித்தரும் சிப்பிக் காளான் மரத்தைத் தின்னும், உண்மைதான். மரத்தின் செல்லுலோசையும் லிக்னினையும் கரைத்து உண்பதால்தான் அது கட்டையில் வளர்கிறது. ஆனால் தண்ணீர் இல்லாமல் அதனால் ஒரு விரற்கடை தூரம்கூட நகர முடியாது. மரத்தின் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால், அதற்கு அங்கே பிழைப்பில்லை. செழித்து வளர 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். காய்ந்து இழைத்து மாட்டிய கதவில் இருக்கும் ஈரம் சுமார் 15 சதவீதம். அப்புறம் எதைக் குடித்து அது கதவைத் தின்னும்?

“தூள் பறந்து போய் ஒட்டிக்காதா?” என்பது அடுத்த கேள்வி. அந்தத் தூள், அதாவது காளான்களின் சிதல்கள், இப்போதும் நம் வீட்டுக் காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒட்டிய இடமெல்லாம் முளைக்கும் என்றால், தோப்புக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் கதவு மிஞ்சியிருக்காது. ஐரோப்பிய வீடுகளில் தண்ணீரைத் தன் இழை வழியே கடத்திவந்து மரத்தை அழிக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அது செர்புலா என்னும் வேறு வகை. அதன் பழியைச் சிப்பிக் காளான் தலையில் கட்டக் கூடாது.

ஒரு வீட்டில் “பாருங்க, காளான் தின்ன நிலை” என்று என்னை இழுத்துப்போய்க் காட்டினார்கள். நிலைக்காலின் அடியில் ஓர் ஆணியை வைத்துக் கீறினேன். பெயின்ட் தோல்போல உரிந்தது. உள்ளே ஈர மண் கோடு. அதில் வெள்ளை வெள்ளையாகக் கரையான். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. காளான் கட்டையோ பத்தடி தள்ளிக் கொல்லையில் கிடந்தது. குழாயைச் சரிசெய்ய வேண்டியவர்கள் காளானைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பயப்பட வேண்டியது கரையானுக்கு. கட்டையை வெறும் மண்ணில் கிடத்தாதீர்கள், சுவரில் சாய்க்காதீர்கள். செங்கல் மேல், நிழலில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மற்ற கதைகளைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

வைக்கோலில்தான் வளரும் என்பது தவறு. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-ல் வைக்கோலில் வளர்த்துக் காட்டியதால் நமக்கு அந்த வழி பழகிவிட்டது. அதற்கு வெகு முன்பே, 1917-ல், ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் இதை மரக்கட்டையில் வளர்த்தார்.

வன்மரம் என்றால் தேக்கு என்பதும் தவறு. வனவியலில் அகன்ற இலை மரமெல்லாம் வன்மரம்தான், பஞ்சுபோன்ற இலவம்கூட. வைரம் பாய்ந்த தேக்கு ஆகாது. மா, இலவம் போன்றவற்றின் கிளை போதும்.

காய்ந்த விறகு ஆகாது. அதில் ஈரமும் இல்லை, வேறு பூஞ்சைகள் முன்பே குடியேறியிருக்கும். நோயில்லாத பச்சைக் கிளையை வெட்டி இரண்டு வாரம் ஆறவிடுங்கள். ஓரங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, வித்தை அடைத்து, மெழுகால் மூடுங்கள்.

இருபது நாளில் பறிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் வைக்கோலைச் சொல்கிறார். கட்டையில் மாதக்கணக்கில் ஆகும். ஆனால் ஒருமுறை வித்திட்டால் கட்டை மட்கும்வரை விட்டு விட்டுக் காய்க்கும்.

கட்டையில் முளைத்ததெல்லாம் சாப்பிடலாம் என்பது உயிரோடு விளையாட்டு. வெள்ளிக்காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை என்பதெல்லாம் சோதனையே அல்ல. நீங்கள் வித்திட்ட இனம்தான் என்று உறுதியாகத் தெரியாததைத் தொடாதீர்கள்.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. முற்றிய சிப்பிக் காளான் கொட்டும் சிதலை நாள்தோறும் மூச்சில் இழுத்தால் நுரையீரல் ஒவ்வாமை வரலாம். படுக்கையறையில் வளர்க்காதீர்கள். குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்குமுன் பறித்துவிடுங்கள்.

கடைசியாக என் ஆதங்கம். மழைக்காலத்துக்கு முன் மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை ஊர் ஊராக வெட்டுகிறார்கள். அத்தனையும் தெருவோரம் காய்ந்து, ஒரு நாள் தீ வைக்கப்பட்டுப் புகையாகிறது. கட்டைக்குப் பாலித்தீன் பை வேண்டாம், வைக்கோல் வேகவைக்க விறகு வேண்டாம். இதற்காக நிற்கும் மரம் எதையும் வெட்டவும் வேண்டாம். அடுத்த முறை உங்கள் தெருவில் மாங்கிளை விழும்போது, கைப்பருமனில் மூன்றடித் துண்டு இரண்டு கேட்டு வாங்குங்கள். கதவு பத்திரமாக இருக்கும்.