சொற்பொழிவிற் குறை கூறும் முறை

மேடையேறிப் பேசுங் கலையைக் கற்க விரும்புவார் பலர். பேசி இறங்கிய ஒருவர்க்கு அவர்தம் பேச்சின் நிறைகுறைகளை எடுத்துரைக்குங் கலையைக் கற்க விரும்புவார் சிலரே. மாணாக்கர் கழகங்களிலோ ஒருவர் பேச, நாற்பதின்மர் கேட்கின்றனர். ஆதலின், நாமே பேசுவதினும் பிறர் பேச்சைப்பற்றிக் கருத்துரைப்பதே நமக்கு அடிக்கடி நேர்வது. அதனைச் செவ்வனே செய்கின்றோமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பல்லாண்டுகட்கு முன் ஒரு கழகக் கூட்டத்தில் யாம் கண்ட நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறுவோம். முதலாண்டு மாணாக்கர் ஒருவர், தம் ஊர் ஏரி தூர்ந்துபோன வரலாற்றைப்பற்றிப் பேசினார். அதுவே அவருடைய முதற் பேச்சு. கையிலிருந்த தாள் நடுங்கிற்று. குரல் இரண்டாம் வரிசைக்கு அப்பால் எட்டவில்லை. எனினும், அவர் கூறிய பொருள் நூலிலிருந்து எடுத்ததன்று. ஊர் முதியவர்களிடம் தாமே கேட்டறிந்தது. அவர் அமர்ந்தபின் கருத்துரைக்க எழுந்தவர், அந்த மெலிந்த குரலை அவ்வாறே நடித்துக் காட்டினார். அவையோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். யாமுஞ் சிரித்தோம். அம்மாணாக்கர் கல்லூரியை விட்டு நீங்குமளவும் மீண்டும் மேடையேறவில்லை. அவ்வேரியைப்பற்றி அவரிடம் ஒருவரும் ஒரு வினாவும் வினவவில்லை.

கிரேக்க நாட்டின் தலைசிறந்த நாவலராகிய டெமாஸ்தனிஸ் (கி.மு. 384-322) என்பார்க்கும் இத்தகைய நாளொன்று இருந்தது. அவர் ஏதென்ஸ் நகரத்து மன்றத்தில் முதன்முதற் பேசியபோது மக்கள் கூச்சலிட்டு நகைத்தனர் என்று புளூட்டார்க் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றிற் கூறுகின்றார். அவர் குரல் மெலிந்தது. சொல் தெளிவாக ஒலிக்கவில்லை. மூச்சு இடையிடையே அற்றமையால் வாக்கியங்களின் பொருளுஞ் சிதைந்தது. மனமுடைந்து துறைமுகப் பக்கத்தில் திரிந்த அவரை யூனோமஸ் என்னும் முதியவர் கண்டார். அவருடைய பேச்சு பெரிக்கிளீஸின் பேச்சைப் பெரிதும் ஒத்திருப்பதாகவும், கூட்டத்தின்முன் துணிந்து நில்லாமையாலும் உடலை அதற்கேற்பப் பயிற்றாமையாலுமே அத்திறம் வீணாவதாகவும் கூறிக் கடிந்துகொண்டார்.

மற்றொருமுறை தோல்வியுற்று வீடு திரும்புகையில், சாட்டிரஸ் என்னும் நடிகர் உடன்சென்றார். எத்துணை உழைத்தும் மக்கள் தம்மை மதிப்பதில்லை என்று டெமாஸ்தனிஸ் முறையிட்டார். யூரிப்பிடீஸ் அல்லது சோபக்கிளீஸ் இயற்றிய நாடகத்திலிருந்து ஒரு பகுதியைச் சொல்லுமாறு சாட்டிரஸ் கேட்டார். அவர் சொல்லி முடித்ததும், அப்பகுதியையே பாத்திரத்துக்கேற்ற குரலோடும் மெய்ப்பாட்டோடும் தாம் சொல்லிக் காட்டினார். அது முற்றிலும் வேறொரு பகுதியேபோல் டெமாஸ்தனிஸுக்குத் தோன்றிற்று. அதன்பின் அவர் நிலவறையொன்று அமைத்து, அதனுள் நாடோறும் குரலையும் மெய்ப்பாட்டையும் பயின்றார்.

இவ்வரலாற்றில் மூவகைக் கருத்துரைகளைக் காண்கின்றோம். கூட்டத்தின் நகைப்பு, குறை உண்டென்பதைமட்டும் உணர்த்திற்று. அஃது இன்னதென்று உணர்த்தவில்லை. யூனோமஸ், காத்தற்குரிய நிறையையும் களைதற்குரிய குறையையும் பிரித்துக் காட்டினார். சாட்டிரஸ், களையும் வழியையே கண்முன் காட்டினார். டெமாஸ்தனிஸை உயர்த்தியது அவருடைய உழைப்பே. ஆயினும் அவ்வுழைப்பு எங்குச் செலவிடற்பாலது என்பதை உணர்த்தியவர் பின்னிருவரேயாவர்.

இதனின்றும் நாம் கொள்ளத்தக்க முறைகள் சில. முதலாவது, நிறையைக் குறிப்பிட்டுக் கூறுதல். 'மிக நன்றாகப் பேசினார்' என்பது பாராட்டன்று, விடைகொடுக்குஞ் சொல்லேயாம். எந்த எடுத்துக்காட்டு விளங்கிற்று, எந்த இடத்தில் அவை அமைதியுற்றது என்று கூறின், பேசியவர் அதனை மறுமுறையும் கையாள்வர். இல்லாத சிறப்பை ஏற்றிக் கூறுதலும் தீதே. பொய்ப்புகழை ஒருமுறை உணர்ந்தவர், பின்னர் நாம் கூறும் மெய்யையும் நம்பார்.

இரண்டாவது, குறைக்குப் பெயரும் இடமுங் கூறுதல். நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்கள் பேச்சுக்கும் பொருந்துவன. 'பேச்சிற் சுவையில்லை' என்பதினும், 'ஏரியின் பரப்பை மும்முறை உரைத்தது கூறியது கூறல்', 'நடுவில் ஊர்த் திருவிழாவைப்பற்றி நெடிது பேசியது மற்றொன்று விரித்தல்', 'வலிவோடு தொடங்கி முடிவில் மெலிந்தது சென்று தேய்ந்து இறுதல்' என்று காட்டுதல் பயனுடைத்து. குற்றம் பேச்சினுடையதேயன்றிப் பேசியவருடையதன்று. ஒருவர் உருவமும், பிறந்த ஊரின் பேச்சொலியும், உடையும் நம் மதிப்புரைக்குப் பொருளாகா.

மூன்றாவது, அளவறிதல். பத்துக் குறை கண்டாலும் இரண்டே கூறுக. அவையும் அடுத்த பேச்சுக்குள் திருத்தக்கூடியனவாக இருத்தல் வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியிற் கற்பித்த குவின்டிலியன் என்னும் பேராசிரியர், கடுமை மிகுந்த திருத்தத்தால் இளைஞர் மனந்தளர்ந்து எதனையும் முயலாது ஒழிவர் என்று ஆசிரியரை எச்சரித்தார். அமெரிக்க நாட்டுச் சான்டா ஆனா நகரில் 1924-ஆம் ஆண்டு ரால்ப் ஸ்மெட்லி என்பார் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழக முறையில், பேச்சொன்றற்கு மதிப்புரை கூற ஒருவர் முன்னரே அமர்த்தப்படுகின்றார். அவர்க்கு அளிக்கப்படும் நேரம் இரண்டு அல்லது மூன்று நிமிடமே. நம் கழகங்களும் இதனைக் கைக்கொள்ளலாம். அவை நாணத்தக்க குறையாயின், அதனைக் கூட்டம் முடிந்தபின் தனியே கூறுதலே நன்று.

அன்று அக்கூட்டத்தில் யாம் எழுந்து கூறியிருக்கவேண்டுவன மூன்றே: 'நண்பரே, முதியவர்களைக் கேட்டு நீங்கள் கொணர்ந்த செய்தி எங்கட்குப் புதிது. பின்வரிசையிலிருந்தார்க்கு அது கேட்கவில்லை. அடுத்த முறை, கடைசி வரிசையில் ஒரு நண்பரை அமர்த்தி, அவரை நோக்கி முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள்.' இதனைக் கூற அரை நிமிடமும் வேண்டியதில்லை. யாம் கூறவில்லை, சிரித்துவிட்டுக் கலைந்தோம். கூறியிருப்பின் அவர் மீண்டும் பேசியிருப்பாரோ என்பதை இனி அறிதற்கில்லை. இவ்வாண்டும் நம் கழகத்திற் கை நடுங்கத் தாளேந்தி ஒருவர் எழுவர். அவர் அமரும்போது அவர்க்குக் கூறத்தக்க மூன்று வாக்கியங்களை நாம் ஒவ்வொருவரும் ஆயத்தமாக வைத்திருப்போமாக.